எந்தக் கூண்டின் முன் நிற்கிறோம்?

*வெள்ளைப் புலி வேண்டும், பெங்குவின் வேண்டும், குட்டி வேண்டும்... பார்வையாளர்களின் ஆசைதான் உயிரியல் பூங்காக்களை வடிவமைக்கிறது. அந்த ஆசைக்கு விலை கொடுப்பது யார்?*

காணும் பொங்கலன்று வண்டலூரில் ஜி.எஸ்.டி. சாலையிலேயே கூட்டம் தொடங்கிவிடும். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் வாசலில் பைகளைச் சோதித்து பிளாஸ்டிக்கை வாங்கி வைக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: “புலி எந்தப் பக்கம்?”

வெள்ளைப் புலியின் அகழிச் சுவரை ஒட்டி நாலைந்து வரிசைக்கு ஆட்கள். பின்வரிசையில் பிள்ளைகள் தோளேறி நிற்கிறார்கள். புலியோ மர நிழலில் முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறது. “டேய், எந்திரிடா!” என்று ஒரு குரல். கைத்தட்டல், விசில். “இதுக்கா இம்மாந்தூரம் நடக்க வெச்சீங்க?” என்று பேரனிடம் சலித்துக்கொள்கிறார் ஒரு பாட்டி. வால் ஒருமுறை அசைகிறது. அதற்கே ஆரவாரம் கிளம்பி, நூறு செல்போன்கள் உயர்கின்றன.

சற்றுத் தள்ளி சிங்கவால் குரங்குகளின் இருப்பிடம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம் இது. காட்டில் மிஞ்சியிருக்கும் வளர்ந்த குரங்குகள் சுமார் 2,500 என்பது சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் மதிப்பீடு. அங்கே சுவரோரம் தாராளமாக இடமிருக்கிறது. நின்று பார்க்க விரும்பிய பையனை அப்பா இழுத்துக்கொண்டு போகிறார்: “குரங்குதான்டா, வா. நம்ம தெருவுலயே இருக்கு.”

அந்தத் தகப்பனைக் குறை சொல்ல முடியாது. குடும்பத்தோடு வெளியே வந்த ஒரு நாளில் பிடித்ததைப் பார்க்க எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் லட்சக்கணக்கானவர்களின் ‘பிடித்தது’ ஒன்று சேரும்போது அது பூங்காவின் கொள்கையாகிவிடுகிறது. எந்த விலங்கு வர வேண்டும், எது இனப்பெருக்கம் செய்ய வேண்டும், எதற்குப் புதுக் கட்டடம் என்பதையெல்லாம் நம் கால்கள் போகிற திசை தீர்மானிக்கிறது.

உயிர் காலேஜிலிருந்து வண்டலூர் வரை

சென்னையின் உயிரியல் பூங்கா பிறந்ததே பார்வையாளர் ஆசையில்தான். 1855-ல் எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்தவர் எட்வர்டு பால்ஃபர். பதப்படுத்திய உடல்களைவிட உயிருள்ள மிருகங்களைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது என்பதைக் கண்டுகொண்ட அவர், அருங்காட்சியக வளாகத்திலேயே விலங்குகளைச் சேர்க்கத் தொடங்கினார். கர்நாடக நவாப் தன்னிடமிருந்த விலங்குகளையும் கொடுக்க, ஓராண்டுக்குள் எண்ணிக்கை 300-ஐத் தாண்டியது. பிறகு அவை பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. மெட்ராஸ்காரர்களுக்கு அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’, விலங்குத் தோட்டம் ‘உயிர் காலேஜ்’.

நகரம் நெருக்கியதால் 1985-ல் அது வண்டலூர் காப்புக்காட்டுக்கு இடம் மாறியது. கம்பிக்கூண்டு போய், அகழி சூழ்ந்த திறந்தவெளி வந்தது. விலங்குகளுக்குக் கிடைத்த அந்த இடம் பார்வையாளர்களுக்குத் தொலைவானது. “உயிர் காலேஜ்ல புலியோட மூச்சுக்காத்து மூஞ்சில படும், இங்க பைனாகுலர் வேணும்” என்று பெருசுகள் இன்றும் சொல்வதுண்டு. கிட்டப் பார்க்கும் ஆசைக்கும் விலங்கின் நிம்மதிக்கும் இடையிலான இழுபறி அப்போதே தொடங்கிவிட்டது.

நான்கு விதமான ரசிகர்கள்

உயிரியல் பூங்கா ரசிகர்களை ஒரே கூட்டமாகப் பார்க்க முடியாது.

முதல் வகை, குடும்பங்கள். வருமானத்தில் பெரும்பங்கு இவர்களுடையது. பெரிய உடல், ஆபத்தான பல், அசைவு இருந்தால் போதும். ஒட்டகச்சிவிங்கிக்கும் நீர்யானைக்கும் இருக்கும் வரவேற்பு இதனால்தான்.

இரண்டாவது, கேமராக்காரர்கள். இவர்களுக்குக் கம்பி தெரியாத பின்புலமும் காலை வெயிலும் வேண்டும். விலங்கு எது என்பதைவிட அது எங்கே நிற்கிறது என்பது முக்கியம்.

மூன்றாவது, கணக்கெடுப்பவர்கள். தமிழ்நாட்டில் இவர்கள் குறைவு. ஐரோப்பாவில் இது தனி உலகம். எந்த ஊர்ப் பூங்காவில் எந்த அரிய இனம் இருக்கிறது என்று பட்டியல் வைத்துக்கொண்டு ரயிலேறுவார்கள். புலியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், உலகில் வேறு எங்கும் காட்சிக்கு இல்லாத ஒரு சிறு கொறிவிலங்கின் முன் மணிக்கணக்கில் நிற்பார்கள். ஏராளமான இனங்களை வைத்திருக்கும் செக் நாட்டின் பில்சன் பூங்காவும் பெர்லின் பூங்காவும் இவர்களின் யாத்திரைத் தலங்கள். பூங்காக்களின் வரலாற்றை ஆராய்வதற்கென்றே பிரிட்டனில் பார்ட்லெட் சொசைட்டி என்ற சங்கம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த ஆபிரகாம் பார்ட்லெட்டின் பெயர் அதற்கு.

நான்காவது வகை, இருப்பிட ரசிகர்கள். விலங்கைவிட அதன் வீட்டைக் கவனிப்பவர்கள். அகழி எத்தனை அடி, மண்ணா சிமென்டா, ஏற மரம் உண்டா, ஒளிய இடம் உண்டா என்று பார்ப்பவர்கள்.

வகைகள் வேறானாலும் ஒவ்வொன்றுக்கும் பின்விளைவு உண்டு.

---

▣ குழந்தைகள் ஓட்டு யாருக்கு?

* பிரிட்டிஷ் விலங்கியலாளர் டெஸ்மண்ட் மாரிஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சி வழியாகக் குழந்தைகளிடம் பிடித்த விலங்கையும் பிடிக்காத விலங்கையும் கேட்டார். பிடித்ததில் முதலிடம் சிம்பன்சிக்கு, பிடிக்காததில் பாம்புக்கு. சின்னக் குழந்தைகளுக்குப் பெரிய விலங்குகளும், வளர்ந்த பிள்ளைகளுக்குச் சிறிய விலங்குகளும் பிடிக்கின்றன என்பது இன்னொரு சுவையான முடிவு.
* மக்களை அதிகம் ஈர்க்கும் விலங்குகள் எவை என்ற ஆய்வொன்று 2018-ல் வெளியானது. புலி, சிங்கம், யானை என்ற வரிசையில் முதல் மூன்று இடங்கள். முதல் பத்தில் பத்தும் பாலூட்டிகள். பறவை, தவளை, மீன் எதற்கும் இடமில்லை.
* பிராகாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கிளிகளை எடுத்துக்கொண்டு 2010-ல் வெளியிட்ட ஆய்வு: மனிதக் கண்ணுக்கு அழகாகத் தெரியும் கிளி இனங்களே உலகப் பூங்காக்களில் அதிக எண்ணிக்கையில் இருக்கின்றன.

---

வெள்ளைத் தோலுக்குக் கொடுத்த விலை

பார்வையாளரின் ஆசை ஒரு விலங்கின் உடலையே எப்படி மாற்றும் என்பதற்கு வெள்ளைப் புலி சாட்சி.

1951-ல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் ரேவா காட்டில் மகாராஜா மார்த்தாண்ட சிங் ஒரு வெள்ளைப் புலிக்குட்டியைப் பிடித்தார். பெயர் மோகன். சாதாரண நிறப் பெண்புலியோடு சேர்த்தபோது பிறந்தவை எல்லாம் சாதாரண மஞ்சள் குட்டிகள். வெள்ளை நிறத்துக்குக் காரணமான மரபணு தாய், தந்தை இரு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். எனவே மோகனை அதன் மகள் ராதாவோடு சேர்த்தார்கள். 1958-ல் நான்கு வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. அவற்றில் மோகினி 1960-ல் வாஷிங்டனுக்குப் போனபோது வரவேற்றவர் அமெரிக்க அதிபர் ஐசனோவர்.

இன்று உலகப் பூங்காக்களில் இருக்கும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை அந்த ஒற்றைக் குடும்பத்தின் வாரிசுகள். தந்தைக்கு மகள், அண்ணனுக்குத் தங்கை என்று தலைமுறை தலைமுறையாகச் சேர்த்ததில் உடல் குறைபாடுகளும் பெருகின. மாறுகண் இந்த மரபணுவோடு சேர்ந்தே வருவது. கண் நரம்புகள் மூளைக்குப் போகும் பாதையே இவற்றில் வேறு மாதிரி. வெள்ளைப் புலி தனி இனம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அது வங்கப்புலியின் நிறமாற்றம் மட்டுமே. வெள்ளைக் குட்டி ஒன்று கூடுவதால் புலி இனப் பாதுகாப்புக்கு ஒரு பயனும் இல்லை. இதனால்தான் அமெரிக்க உயிரியல் பூங்காக்கள் சங்கம் 2011-ல் தன் உறுப்பினர்கள் வெள்ளை நிறத்துக்காகவே புலிகளை இனப்பெருக்கம் செய்வதை நிறுத்தச் சொன்னது.

ஆனாலும் நம் ஊரில் வெள்ளைப் புலிக்குக் குட்டி பிறந்தால் அது நல்ல செய்தி. அமைச்சர் பெயர் வைப்பார், படம் நாளிதழில் வரும், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் சேரும். அதே வாரம் சிங்கவால் குரங்கு ஒன்று குட்டி போட்டால், பெட்டிச் செய்தியாவது வருமா?

சிங்கத்துக்கும் இப்படியொரு கதை உண்டு. சர்க்கஸ் கூடாரங்களில் ஆசியச் சிங்கத்தையும் ஆப்பிரிக்கச் சிங்கத்தையும் கலந்து வளர்த்தார்கள். அந்தக் கலப்பினங்கள் பூங்காக்களுக்கும் வந்தன. பஞ்சாபின் சத்பீர் பூங்காவில் அவை பெருகின. பார்க்க வந்தவர்களுக்குச் சிங்கம் என்றால் சிங்கம், வித்தியாசம் தெரியாது. ஆனால் கிர் காட்டில் மட்டும் எஞ்சிய ஆசியச் சிங்கத்தின் மரபுத் தூய்மைக்கு அவை ஆபத்து. கடைசியில் கலப்பினச் சிங்கங்களுக்குக் கருத்தடை செய்து, அவை வயதாகி மறையும்வரை சோறு போடுவது என்ற முடிவுக்கு வர வேண்டியிருந்தது.

பெங்குவின் வந்தது, டிக்கெட் ஏறியது

மும்பை பைகுல்லாவின் ராணி பாக் பழைய, களையிழந்த விலங்குத் தோட்டமாக இருந்தது. பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் அப்போது ஐந்தே ரூபாய். 2016 ஜூலையில் சியோலிலிருந்து எட்டு ஹம்போல்ட் பெங்குவின்கள் வந்திறங்கின. தென்னமெரிக்கக் குளிர்நீரோட்டக் கரையில் வாழும் பறவைக்கு மும்பையில் குளிரூட்டிய அறை கட்டினார்கள். அக்டோபரிலேயே ஒன்று இறந்தது. வழக்கு, அரசியல், மீம்ஸ் எல்லாம் கிளம்பின.

2017 மார்ச்சில் கண்ணாடிக் காட்சியகம் திறந்ததும் நிலைமை தலைகீழானது. கூட்டம் அலைமோதியது. கட்டணம் 50 ரூபாய் ஆனது. மற்ற விலங்குகளின் இருப்பிடங்களும் அடுத்தடுத்துப் புதுப்பிக்கப்பட்டன. பெங்குவின்கள் குஞ்சும் பொரித்தன. ‘பெங்குவின் சம்பாதிக்கிறது, மற்றவை சாப்பிடுகின்றன’ என்று ஆதரவாளர்கள் சொல்ல, ‘கரண்ட் போனால் என்ன ஆகும்?’ என்று எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நட்சத்திர விலங்கு காசு கொண்டுவரும் என்பது நிர்வாகக் கணக்கு. ஆனால் நட்சத்திரம் பழகிப்போனதும் அடுத்த நட்சத்திரத்தைத் தேட வேண்டும். கொரில்லா, வரிக்குதிரை, அனகோண்டா என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் வெளிநாட்டுப் பரிமாற்றம், தனி மருத்துவம், தனி உணவு. இதற்கிடையில் நம் காட்டுக் கழுதைப்புலியும் செந்நாயும் மரநாயும் பழைய கூண்டில் காத்திருக்கும்.

---

▣ விதியும் கூட்டத்தைத்தான் எண்ணுகிறது

* இந்தியப் பூங்காக்களைக் கண்காணிக்கும் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 1992-ல் அமைக்கப்பட்டது. அதன் அங்கீகாரம் இல்லாமல் யாரும் பூங்கா நடத்த முடியாது.
* பெரிய, நடுத்தர, சிறிய, மினி என்று பூங்காக்களுக்குத் தரவரிசை உண்டு. ‘பெரிய’ பூங்கா ஆக 75 ஹெக்டேர் பரப்பு, ஆண்டுக்கு 7.5 லட்சம் பார்வையாளர்கள், 75 இனங்கள், 750 விலங்குகள் என்பவை 2009 விதிகளின் அளவுகோல்களில் சில.
* எந்த விலங்கையும் தகுந்த காரணமின்றி ஓராண்டுக்கு மேல் துணையில்லாமல் வைத்திருக்கக் கூடாது என்பதும் விதி.

---

ஒற்றை ஆளின் தனிமை

‘எல்லாவற்றிலும் ஒன்று’ என்ற ஆசை குடும்பங்களுக்கும் உண்டு, கணக்கெடுக்கும் ரசிகர்களுக்கும் உண்டு. குழந்தைக்குப் படப் புத்தகத்தில் இருக்கும் அத்தனையும் காட்ட வேண்டும். பட்டியல்காரருக்கு இன்னொரு பெயருக்கு நேரே டிக் போட வேண்டும். இனங்கள் கூடக் கூடத் தரவரிசையும் ஏறும். இந்தக் கணக்கில் அடிபடுவது, கூட்டமாக வாழப் பிறந்த விலங்குகள்.

டெல்லி தேசிய உயிரியல் பூங்காவின் சங்கர் அதற்குத் துயரமான உதாரணம். 1990-களில் ஜிம்பாப்வே நாடு, அப்போதைய குடியரசுத் தலைவர் சங்கர் தயாள் சர்மாவுக்குப் பரிசளித்த ஆப்பிரிக்க யானை. கூட வந்த பெண்யானை சில ஆண்டுகளில் இறந்துவிட, சங்கர் இருபது ஆண்டுகளுக்கும் மேல் தன் இனத்தில் யாரும் இல்லாமல் நின்றது. விடுவிக்கக் கோரி நீதிமன்றம்வரை போனார்கள். 2024-ல் உலக உயிரியல் பூங்காக்கள் சங்கம் டெல்லி பூங்காவின் உறுப்பினர் தகுதியை இடைநிறுத்தியது. 2025 செப்டம்பரில் சங்கர் இறந்தது. யானைகளைப் பூங்காக்களிலிருந்து முகாம்களுக்கு மாற்ற வேண்டும் என்று மத்திய ஆணையம் முடிவெடுத்ததோ 2009-லேயே.

மைசூர் பூங்காவின் போலோவையும் பலருக்கு நினைவிருக்கும். நாட்டிலிருந்த ஒரே கொரில்லா. துணையின்றிப் பல ஆண்டுகள் வாழ்ந்து 2014-ல் இறந்தது. 2021-ல் ஜெர்மனியிலிருந்து தாபோ, தெம்பா என்ற இரண்டு ஆண் கொரில்லாக்கள் வந்தன. இம்முறை ஒன்றுக்கொன்று துணையாக இரண்டு என்பதே ஒரு முன்னேற்றம்தான்.

சங்கரின் முன் நின்று படமெடுத்தவர்களில் யாருக்கும் அதன்மேல் வெறுப்பில்லை. பிரியம்தான். அந்தப் பிரியத்துக்கு ஒரு யானையே போதுமானதாக இருந்தது. யானைக்குத்தான் போதவில்லை.

கட்டடம் மனிதருக்கு, தரை பெங்குவினுக்கு

இருப்பிட ரசிகர்களுக்குப் பிடித்தது விலங்குக்கும் பிடிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. லண்டன் பூங்காவில் 1934-ல் பெர்தோல்ட் லுபெட்கின் வடிவமைத்த பெங்குவின் குளம், நவீனக் கட்டடக் கலையின் சின்னங்களில் ஒன்று. முட்டை வடிவக் குளத்தின் மேல் இரண்டு கான்கிரீட் சரிவுகள் தாங்குகால் இல்லாமல் சுழன்று இறங்கும். கட்டடக்கலை மாணவர்கள் உலகெங்கிலுமிருந்து வந்தார்கள். பெங்குவின்களுக்கோ கான்கிரீட்டில் நடந்து பாதத்தில் புண். 2004-ல் அவற்றை வேறிடத்துக்கு மாற்றினார்கள். குளம் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் இடிக்கவும் முடியாது. பறவை இல்லாமல் குளம் இருக்கிறது.

எதிர்த்திசையில் நடந்த மாற்றங்களும் உண்டு. 1907-ல் ஹாம்பர்க் அருகே கார்ல் ஹாகன்பெக் கம்பியை நீக்கி அகழி வெட்டினார். 1970-களின் இறுதியில் அமெரிக்காவின் சியாட்டில் பூங்கா, கொரில்லாவுக்காக ஒரு காட்டையே வளர்த்து, அந்தக் காட்டுக்குள் பார்வையாளரை நடக்க வைத்தது. இன்றைய நல்ல இருப்பிடங்கள் பலவும் அந்தச் சிந்தனையின் பிள்ளைகள்.

இதில் ஒரு சிக்கல். இருப்பிடம் நன்றாக இருந்தால் விலங்கு கண்ணில் படாது. 2025 அக்டோபரில் வண்டலூர் சஃபாரிப் பகுதியில் விடப்பட்ட ஷெர்யார் என்ற இளம் சிங்கம் இரவு இருப்பிடத்துக்குத் திரும்பாமல் போக, ஊரே பரபரத்தது. குழுக்கள் தேடின. சில நாளில் சிங்கம் தானாகத் திரும்பிவிட்டது. புதர் அடர்ந்த ஓர் இடத்தில் சிங்கம் ஒளிந்துகொள்ள முடிந்தது என்பது இருப்பிடத்துக்குக் கிடைத்த நற்சான்று என்று நம்மில் எத்தனை பேர் நினைத்தோம்?

விலங்கு எப்போதும் தெரிய வேண்டும் என்று பார்வையாளர் கேட்கும் இடத்தில்தான் புதர்கள் வெட்டப்படுகின்றன, மறைவிடங்கள் மூடப்படுகின்றன. ஒளிய இடமில்லாத விலங்கு ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடக்கத் தொடங்குகிறது. அதைப் பார்த்து, “சூப்பர், நல்லா ஆக்டிவா இருக்கு” என்கிறோம். அது பெரும்பாலும் மன அழுத்தத்தின் அடையாளம்.

குட்டி ஆசையின் கணக்கு

எந்தப் பூங்காவிலும் அதிகம் விற்பனையாகும் செய்தி, பிறந்த குட்டி. ஆனால் குட்டி வளரும். வளர்ந்தால் இடம் வேண்டும். 2014-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் பூங்கா, மரபு வழியில் தேவைக்கு மிஞ்சியது என்று சொல்லி மாரியஸ் என்ற ஆரோக்கியமான இளம் ஒட்டகச்சிவிங்கியைக் கொன்று, பார்வையாளர் முன்னிலையிலேயே அறுத்து, சிங்கங்களுக்குப் போட்டது. உலகமே கொதித்தது.

நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இதே சிக்கலுக்கு வேறொரு முகம். ரோமுலஸ் விட்டேக்கர் 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணை, அழிவின் விளிம்பில் இருந்த முதலைகளைக் காப்பாற்றப் பிறந்தது. சதுப்புநில முதலைகள் அங்கே அமோகமாகப் பெருகின. காட்டில் விட இடமில்லை, பண்ணையிலும் இடமில்லை. கடைசியில் அங்கிருந்து 1,000 முதலைகள் குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்பப்பட்டன. எதிர்த்துத் தொடுத்த வழக்கை 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அழியும் இனத்தைக் காக்கத் தொடங்கிய முயற்சிக்கே, வென்ற பிறகு இடம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. கூட்டம் சேர்க்க மட்டும் குட்டி பெறவைக்கும் பூங்காக்களுக்கு இதைவிடப் பெரிய கேள்வி காத்திருக்கிறது.

‘இனி வேண்டாம்’ என்ற சிங்கப்பூர்

பார்வையாளரின் செல்லப்பிள்ளையைக் கைவிடும் துணிவு ஒரு பூங்காவுக்கு வருமா? சிங்கப்பூரில் வந்தது.

1990-ல் சிங்கப்பூர் உயிரியல் பூங்காவில் பிறந்தது இனுகா. வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் துருவக்கரடி. பள்ளிக் குழந்தைகளின் தலைமுறைகள் அதைப் பார்த்து வளர்ந்தன. 2004-ல் இனுகாவின் வெள்ளை ரோமம் பச்சை நிறமானது. ஈர வெப்பத்தில் ரோமத்துக்குள் பாசி படர்ந்திருந்தது. விலங்குநல ஆர்வலர்கள் கேள்வி எழுப்பினார்கள். குளிரூட்டிய பெரிய இருப்பிடம் பின்னர் வந்தது என்றாலும், துருவத்திலிருந்து இனி கரடிகளைக் கொண்டுவருவதில்லை என்ற முடிவுக்குப் பூங்கா வந்தது. 2018 ஏப்ரலில், வயதும் நோயும் முற்றிய நிலையில் இனுகா கருணைக்கொலை செய்யப்பட்டது. அந்த இடத்துக்கு வேறொரு துருவக்கரடி வரவில்லை.

பூங்கா அதனால் நொடித்துப் போகவும் இல்லை. 1994-ல் உலகின் முதல் இரவு சஃபாரியை அங்கே தொடங்கியபோது, பகலில் தூங்கும் விலங்குகளை எழுப்புவதற்குப் பதிலாகப் பார்வையாளரை இரவில் வரவைத்தார்கள். மரநாய், அலங்கு, முள்ளம்பன்றி என்று யாரும் ஏறெடுத்துப் பார்க்காதவற்றைப் பார்க்கக் காசு கொடுத்து வரிசையில் நின்றார்கள். மக்களின் விருப்பம் மாறாதது என்று சொல்கிறவர்களுக்கு இதுவே பதில். காட்டும் விதத்தில் காட்டினால் மக்கள் அலங்கையும் ரசிப்பார்கள்.

கூட்டம் இல்லாத வெற்றிகள்

பூங்காக்கள் இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு வலுவான ‘ஆம்’ எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், அவை பெரும்பாலும் கூட்டமில்லாத இருப்பிடங்கள்.

ஹைதராபாத் நேரு பூங்காவில் 2010 முதல் சருகுமான்களைப் பெருக்கினார்கள். முயலைவிடக் கொஞ்சம் பெரிய, மனிதரைக் கண்டால் உறைந்துபோகும் சிறு உயிர். 2017 முதல் அவை அம்ராபாத் புலிகள் காப்பகக் காட்டில் விடப்பட்டன. டார்ஜிலிங் பூங்காவில் பிறந்த சிவப்புப் பாண்டாக்கள் 2003-ல் சிங்கலிலா தேசியப் பூங்காவுக்குள் அனுப்பப்பட்டன.

தான்சானியாவில் கிஹான்சி அருவியின் சாரலை மட்டுமே நம்பி வாழ்ந்தது விரல்நுனி அளவுத் தேரை ஒன்று. 2000-ல் அணை வந்து சாரல் குறைந்தது. சுமார் 500 தேரைகளை நியூயார்க்கின் பிராங்க்ஸ் பூங்கா எடுத்துச் சென்றது. 2009-ல் காட்டில் அவ்வினம் அழிந்ததாக அறிவித்தார்கள். 2012-ல் பூங்காவில் பிறந்த தேரைகள் அதே பள்ளத்தாக்குக்குத் திரும்பின. அந்தத் தேரையைப் பார்க்க ஒரு பேருந்துகூட நிற்காது. ஆனால் அந்தப் பூங்கா இல்லையென்றால் அந்த இனமே இல்லை.

வண்டலூர், சிங்கவால் குரங்கின் பாதுகாப்பு இனப்பெருக்கத் திட்டத்துக்கு நாட்டின் ஒருங்கிணைப்புப் பூங்கா. ‘நம்ம தெருவுலயே இருக்கு’ என்று கடந்துபோகும் அந்தக் குரங்குக்காகத்தான் வண்டலூர் தன் முக்கியமான வேலையைச் செய்கிறது. இங்கே கணக்கெடுக்கும் ரசிகர்களுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். கூட்டம் திரும்பிப் பார்க்காத இனங்களுக்கு அவர்கள்தான் ஆதரவாளர்கள். தனி ஒற்றை விலங்கை எண்ணிக்கைக்காகக் கேட்காதவரை, அவர்களின் ரசனையை நாமும் கற்றுக்கொள்ளலாம்.

---

▣ அடுத்த முறை போகும்போது கவனிக்க...

* துணை: கூட்டமாக வாழும் விலங்கு தனியாக இருக்கிறதா? ஏன் என்று பராமரிப்பாளரிடம் கேளுங்கள்.
* மறைவிடம்: விலங்கு நம் கண்ணிலிருந்து விலகிப் போக இடமிருக்கிறதா?
* நடை: ஒரே தடத்தில் ஓயாமல் நடப்பது, தலையை ஆட்டிக்கொண்டே இருப்பது நல்ல அறிகுறி அல்ல.
* தரை: மண், புல், நீர், ஏற மரம் உண்டா, வெறும் சிமென்டா?
* நேரம்: காலை திறந்ததும் போனால் விலங்குகள் சுறுசுறுப்பாக இருக்கும். வண்டலூருக்கு வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.
* சத்தம்: கண்ணாடியைத் தட்டுவது, விசிலடிப்பது, தின்பண்டம் வீசுவது மூன்றும் கூடாது.

---

யாரைத் தத்தெடுப்பது?

பூங்கா நிர்வாகங்கள் மக்களின் விருப்பத்தைத் துல்லியமாக அறிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது: தத்தெடுப்புத் திட்டம். பணம் கட்டினால் ஒரு விலங்கின் உணவுச் செலவை ஏற்கலாம். வண்டலூரில் நடிகர் சிவகார்த்திகேயன் அனு என்ற வெள்ளைப் புலியைத் தத்தெடுத்தபோது அந்தத் திட்டம் பலருக்குத் தெரியவந்தது. நல்ல காரியம்; புலியும் இறைச்சி தின்றுதான் ஆக வேண்டும், அது பிறந்த விதத்துக்கு அது பொறுப்பல்ல.

ஆனால் புலிக்கும் சிங்கத்துக்கும் ஆள் கிடைத்துவிடும். செந்நாய்க்கும் கழுதைப்புலிக்கும் மரநாய்க்கும்தான் தேவை. அவற்றுக்கான செலவும் பெரிய விலங்குகளைவிடக் குறைவு. பிள்ளையின் பிறந்தநாளுக்கோ கல்லூரிக் குழுவாகச் சேர்ந்தோ ஏற்றுக்கொள்ளக் கூடியதுதான்.

நிர்வாகம் மாற வேண்டும், விதிகள் மாற வேண்டும் என்று கேட்பது சரி. பூங்காவின் தகுதியை வருகைக் கணக்கை வைத்து எடைபோடும் விதியில், எத்தனை இனங்களைக் காட்டுக்குத் திருப்பி அனுப்பியது என்பதற்கும் சம இடம் வேண்டும். ஆனால் எந்த அதிகாரியும் கூட்டம் போகாத இருப்பிடத்துக்கு நிதி கேட்டுக் கோப்பு எழுதத் தயங்குவார். அந்தக் கோப்புக்குச் சான்றாக அவர் இணைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: மக்கள் அங்கே நிற்கிறார்கள் என்ற தகவல். அதைக் கொடுக்க நமக்கு அரசாணை எதுவும் தேவையில்லை. சிங்கவால் குரங்கின் முன் பத்து நிமிடம் நின்றால் போதும்.